கற்றாழையின் மஞ்சள் பால்

"அப்பா! ரூமானா! எந்திரிங்க, ஓடியாங்க! குட்டி போட்டிருக்கு!"

லதா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. நல்லப்பன் இடுப்பு லோஞ்ஜிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே வந்த ரூமானா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எங்கக்கா பூனை?" என்று கேட்டாள்.

"பூனையா? இங்க பாருடி!"

சுவரோரம் இருந்த பழைய பெயின்ட் தகரத்துக்கு முன்னால் லதா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தகரத்தின் நடுவில் ஒரு கற்றாழை. அதன் அடியில், மணலைப் பிளந்துகொண்டு, நகத்தளவுக்குப் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் குனிந்து மூச்சுக்கூட விடாமல் அதையே பார்த்தார்கள்.

"இதுக்கா என் தூக்கத்தைக் கெடுத்தே?" என்றார் நல்லப்பன். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மணலைக் க்யிம்யிண்டைங் ஆற்றுப் படித்துறையிலிருந்து பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவரே அவர்தான்.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஜனவரி. லதாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பர்மாவில், லைங் தாயா வட்டாரத்தில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் இஸ்திரிப் பகுதியில் வேலை. அம்மா பர்மாக்காரி, இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அப்பா நல்லப்பன் க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக் கிடங்கு ஒன்றின் காவலாளி. ரூமானா அதே தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டுகிறவள், பத்தொன்பது வயது. அவளுடைய வாப்பா அப்துல் அஜீஸுக்குத் தாமுவே மார்க்கெட்டில் பிளாஸ்டிக் வாளிக் கடை. அங்கிருந்து தினமும் வந்துபோக முடியாமல், வாரத்தில் ஆறு நாள் லதா வீட்டிலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய்வருவாள்.

கற்றாழை வந்த கதை லதாவின் கையில் எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி இஸ்திரிப்பெட்டி அவள் முன்கையில் பட்டுவிட்டது. தொழிற்சாலையில் மருந்து அலமாரி இருந்தது. சாவிதான் இல்லை. அது ஆபீஸ் கிளார்க்கின் பையில் இருந்தது. கிளார்க் டவுனுக்குப் போயிருந்தார். யாரோ பற்பசை தடவச் சொன்னார்கள், தடவினாள். எரிச்சல் இரண்டு பங்கானது. புண் ஆற ஒரு மாதம் ஆனது, தழும்பு தங்கிவிட்டது.

நல்லப்பன் இதைப் படித்துறையில் வெற்றிலை விற்கும் பெண்ணிடம் சொல்லிப் புலம்ப, அவள் தன் கூடைக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். பர்மியப் பெயரைச் சொன்னாள். ஷாஸௌங் லெப்பாட். நல்லப்பனுக்கு வாயில் நுழையவில்லை. கையில் வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "இது நம்ம கத்தாழைம்மா!" என்று லதாவின் கையில் வைத்தார்.

அந்த முதல் கன்றை லதா பாசத்தாலேயே கொன்றாள். காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினாள். மழைக்காலம் வந்து தகரம் குளமானபோது, அடித்தண்டு கூழாகிச் செடி சாய்ந்துவிட்டது. இரண்டாவது கன்றுக்கு நல்லப்பன் தகரத்தின் அடியில் ஆணியால் எட்டு ஓட்டை போட்டார். அடியில் உடைந்த செங்கல், மேலே பாதி மண்ணும் பாதி மணலும். லதா விரலை மணலுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட்டாள். மழைக்குக் கூரைக்கடியில் இழுத்துவைத்தாள். அந்தச் செடிதான் இப்போது குட்டி போட்டிருந்தது.

பயன்படுத்தக் கற்றுக்கொண்டதும் பட்டுத்தான். முதல் மடலை வெட்டியவுடனே கையில் தேய்த்தாள். வெட்டுவாயிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வழிந்தது. கை முழுக்க அரிப்பு. பால் சட்டையிலும் பட்டிருந்தது. வெந்நீரில் அலசி இஸ்திரி போட்டாள். மஞ்சள் கறை பழுப்பாக மாறி, அப்படியே நின்றுவிட்டது. அடுத்த முறை வேறொரு சட்டையில் பட்டபோது பச்சைத்தண்ணீர், சோப்பு, எலுமிச்சை, வெயில் என்று போனாள். சுவடில்லாமல் போய்விட்டது. சூடு படாத வரை கறை போகும், சூடு பட்டால் போகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

பிறகு ஒரு முறை பழகிவிட்டது. அடிமடலாகப் பார்த்து ஒன்றை வெட்டி, கிண்ணத்தில் சாய்த்து நிறுத்திவைப்பாள். அரை மணி நேரத்தில் மஞ்சள் பால் முழுக்க வடிந்துவிடும். ஓரத்து முள்ளைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை ஏழு தண்ணீரில் அலசுவாள். டிபன் கேரியரின் மேல்தட்டில் சோற்றுக்கற்றாழை, கீழ்த்தட்டில் சாப்பாட்டுச் சோறு. இரண்டையும் மாற்றித் திறந்து ரூமானா ஒருநாள் கற்றாழையில் குழம்பு ஊற்றப் போனாள்.

இஸ்திரிப் பகுதியில் எட்டு மேசைகள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்திக்குச் சுட்டது. லதா முதலில் குழாயடிக்கு இழுத்துப் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடம் பச்சைத்தண்ணீரில் கையைப் பிடிக்கச் சொல்வாள். அப்புறம்தான் கற்றாழை.

ஆறாம் மேசை சான் சான் முதல்முறை வைத்துக்கொண்டபோது கண்ணை மூடி, "அமலே! அம்மாடி, ஐஸ் மாதிரி இருக்கு!" என்று கத்தியதில் எட்டு மேசையும் திரும்பிப் பார்த்தது. மறுநாளே பாக்கிங்கிலிருந்து மூன்று பேர், தையல் லைனிலிருந்து ஐந்து பேர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி முகப்பருவுக்குக் கேட்டாள். ஒருத்திக்குக் கொப்புளம் உடைந்து பெரிய புண். லதா அதைப் பார்த்ததும், "இதுக்கு நான் கை வைக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போ" என்று தானே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டிலோ செடிகள் பெருகிக்கொண்டிருந்தன. ஒன்று மூன்றானது, மூன்று எட்டானது. பெயின்ட் தகரம், பால்மாவு டின், கைப்பிடி உடைந்த வாளி என்று கிடைத்ததிலெல்லாம் லதா நட்டாள். தீபாவளிக்குள் வாசலில் பதினான்கு செடிகள் நின்றன. காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றின் அடியையும் கிளறிப் பார்ப்பதும், புதுமுனை தெரிந்தால் கூச்சல் போடுவதும் அவளுக்கு வாடிக்கையாகிவிட்டது. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடப் பழகிப்போய்விட்டது.

இஸ்திரிப் பகுதியின் சூப்பர்வைசர் டோ கின் ட்வே. நாற்பது வயது, ஒல்லி உடம்பு, இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் குரல். எல்லோரும் அவளை, டீச்சரம்மா என்கிற மாதிரி, சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றாழை விஷயம் அவளுக்குத் தெரியும். தடுக்கவில்லை. ஒரே ஒருநாள் லதாவின் மேசைக்கு முன்னால் நின்று, "சட்டை மேல ஒரு சொட்டு பட்டுச்சுன்னா, உன் செடியோட நீயும் வெளியே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் கடைசியில் ஒரு பெரிய ஆர்டர் முடிகிற நாள். எல்லாம் வெள்ளைச் சட்டை. மூன்று மணிக்கு லாரி வந்து அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போக வேண்டும். முந்தின நாள் அவசரத்தில் இரண்டு பெண்களுக்குக் கை சுட்டிருந்தது. லதாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ரூமானா இரண்டு மடலைத் தானே வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து நாற்காலிக்காரி சுட்டிருந்த கையைக் காட்டினாள். ரூமானா பையிலிருந்து மடலை எடுத்து, நூல் வெட்டும் கத்தரியாலேயே பிளந்து ஒரு துண்டைக் கொடுத்தாள். கத்தரியை லோஞ்ஜியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். ஒவ்வொன்றாக வெட்டினாள், மடித்தாள். பதினோரு மணி அடித்து, அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பண்டல் இஸ்திரிக்குப் போயிருந்தது. அப்புறம்தான் விரலிடுக்கில் அரித்தது. கையைப் பார்த்தாள். மஞ்சள். கத்தரியைப் பார்த்தாள். அதிலும் மஞ்சள்.

அவள் ஓடிவந்த வேகத்தில் ஒரு ஸ்டூல் உருண்டது.

"லதாக்கா! பால் பட்டுடுச்சு! சட்டையில பால் பட்டுடுச்சுக்கா!"

"எந்தச் சட்டை?"

"தெரியலைக்கா. பண்டல் இங்க வந்துடுச்சு. அல்லாவே, நான் என்ன செய்வேன்!"

லதா மேசைகளைப் பார்த்தாள். எட்டு மேசையிலும் வெள்ளை. எட்டு இஸ்திரிப்பெட்டியும் இறங்கிக்கொண்டிருந்தன. இப்போதே எந்த மேசையிலாவது ஒரு கறை வெந்துகொண்டிருக்கலாம். "நிறுத்துங்க!" என்று பர்மியத்தில் கத்தினாள். நீராவி இரைச்சலில் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. சுவரோரம் ஓடினாள். பாய்லரிலிருந்து வரும் குழாயில் சிவப்புச் சக்கரம் போட்ட வால்வு இருந்தது. சூப்பர்வைசரையும் மெக்கானிக்கையும் தவிர யாரும் தொடக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. ரூமானாவும் வந்து பிடித்தாள். சக்கரம் கிறீச்சிட்டது, சுற்றியது, மூடிக்கொண்டது.

எட்டு இஸ்திரிப்பெட்டிகளின் சீற்றம் ஒரே நேரத்தில் அடங்கியது. அந்த மண்டபத்தில் அப்படி ஓர் அமைதியை வேலை நேரத்தில் யாரும் கேட்டதில்லை.

"பெட்டியைத் தூக்குங்க!" லதா கத்தினாள். "இன்னும் சூடாத்தான் இருக்கு. யாரும் துணி மேல வைக்காதீங்க!"

டோ கின் ட்வே வந்துவிட்டாள். மூடியிருந்த வால்வைப் பார்த்தாள். லதாவைப் பார்த்தாள்.

"யார் மூடினது?"

"நான்தான், சயாமா. சட்டையில கத்தாழைப் பால் பட்டிருக்கு. சூடு படாம எடுத்தா கறையைப் போக்கிடுவேன். சூடு பட்டா போகாது."

"எத்தனை சட்டை?"

லதா ரூமானாவைப் பார்த்தாள். ரூமானா அழுதுகொண்டே விரல்களை மடித்தாள். "கத்தரியால இலையை வெட்டினது... அப்புறம் மணி அடிச்சுது. மணி அடிக்கிற வரைக்கும் நாலு சட்டை. நாலுதான். அடிச்சதும் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

டோ கின் ட்வே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று எட்டு.

"பத்து நிமிஷம்" என்றாள். "பத்தாவது நிமிஷம் நான் வால்வைத் திறப்பேன்."

குழல் விளக்கில் வெள்ளைத் துணிமேல் மஞ்சள் தெரியவே இல்லை. "வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்க!" என்று லதா சொன்னதும், யாரும் ஏற்பாடு செய்யாமலே ஒரு வரிசை உண்டானது. மேசையிலிருந்து கைக்குக் கை சட்டை போனது. வாசலில் சான் சானும் லதாவும் வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்த்தார்கள். காலர், முன்பக்கம், கை, வால். அடுத்தது. காலர், முன்பக்கம், கை, வால். அடுத்தது.

"இதோ!" சான் சான் கத்தினாள். கைப்பட்டியில் மஞ்சளாக ஒரு விரல் அடையாளம்.

பண்டலில் பாதி தாண்டியபோது இரண்டாவது கிடைத்தது, காலருக்கு அடியில். அடுத்த நிமிடமே மூன்றாவது, பொத்தான் பட்டியில் ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் மொத்த வரிசையும் ஆரவாரம் செய்தது. தையல் லைனிலிருந்து பெண்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வரிசையில் நுழைந்து கை கொடுத்தார்கள்.

பண்டல் முடிந்துவிட்டது. நாலாவது இல்லை.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் டோ கின் ட்வே.

லதா கடைசிச் சட்டையை மறுபடியும் புரட்டினாள். எல்லாச் சட்டையும் பார்த்தாயிற்று. அப்படியென்றால்?

"மேசையில இருக்கிறதைப் பார்த்தீங்களா?" என்று ரூமானா கத்தினாள். "நடுவுல விட்டுட்டு வந்தது!"

எட்டு மேசைக்கும் எட்டுப் பேர் பாய்ந்தார்கள். சான் சான் தன்னுடைய ஆறாம் மேசையிலிருந்து ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். முன்பக்கம் இரண்டும் இஸ்திரி ஆகி மொடமொடப்பாக நின்றது. பின்பக்கம் இன்னும் கசங்கல். லதா சட்டையின் பின்பக்க வாலை வெயிலில் விரித்தாள். இஸ்திரி நின்ற மடிப்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, எலுமிச்சை விதை அளவுக்கு மஞ்சள் புள்ளி.

"படலை! சூடு படலை!"

லதா குதித்தாள். சான் சான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். டோ கின் ட்வே தானே போய் வால்வைத் திறந்தாள். "என்ன வேடிக்கை? உங்க உங்க இடத்துக்குப் போங்க!" என்ற அவள் குரல் நீராவிச் சீற்றத்தைத் தாண்டிக் கேட்டது.

லதா நாலு சட்டையோடு குழாயடிக்குப் பறந்தாள். பச்சைத்தண்ணீர், சோப்பு, கசக்காமல் மெதுவான தேய்ப்பு. "எலுமிச்சை வேணும்!" என்றதும் மூன்று பேருடைய டிபன் கேரியர்கள் திறந்தன. மதியச் சாப்பாட்டுக்காக வைத்திருந்த எலுமிச்சைத் துண்டுகள் வந்து சேர்ந்தன. சாற்றைப் பிழிந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வெயிலில் விரித்துப் போட்டாள். நவம்பர் வெயில் நன்றாகக் காய்ந்தது. காக்கை ஒன்று வந்து உட்காரப் பார்க்க, ரூமானா செருப்பைக் கழற்றி வீசினாள். செருப்பு சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அன்று முழுக்க அவள் ஒற்றைச் செருப்போடுதான் நடந்தாள்.

ஒன்றரை மணிக்குச் சட்டைகள் காய்ந்தன. லதாவே இஸ்திரி போட்டாள். பெட்டியை ஒவ்வொரு முறை வைத்து எடுக்கும்போதும் குனிந்து பார்த்தாள். வெள்ளை. வெள்ளை. நாலும் வெள்ளை.

டோ கின் ட்வே அவற்றைச் சன்னலோரம் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே அளவில் இருபது சட்டைகளோடு கலந்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். "இப்போ அந்த நாலையும் எடுத்துக் குடு" என்றாள்.

லதா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் பார்த்தாள். "தெரியலை, சயாமா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டோ கின் ட்வே சிரிக்கவில்லை. "பாக்கிங்குக்கு அனுப்பு. நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மணிக்கு லாரி நிறைந்து கிளம்பியது.

சாயங்காலம், வேலையாட்களை ஏற்றி இறக்கும் தொழிற்சாலை ஃபெர்ரி பஸ்ஸில் லதா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் ஆத்திரம் அப்போதுதான் வெளியே வந்தது. பாதி வழி வரை ரூமானாவோடு பேசவில்லை.

"அக்கா, ஒரு வார்த்தை திட்டிடேன். இப்படி இருக்காதே."

"எனக்கு வேலை போகப் போகுதுடி. தெரியுமா உனக்கு?"

"போனா நானும் நின்னுடுவேன். சயாமாகிட்ட நான்தான் வெட்டினேன்னு சொல்றேன்." ரூமானா மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெதுவாக, "அக்கா, விரல் எல்லாம் அரிக்குதே, அதுக்கு என்ன போடணும்?"

லதா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரிகள் திரும்பினார்கள்.

மறுநாள் காலை லதா ஆபீஸுக்குள் போனாள். மேசைக்குப் பின்னால் டோ கின் ட்வே மட்டும் இருந்தாள்.

"வால்வைத் தொடக் கூடாதுன்னு தெரியும்தானே?"

"தெரியும், சயாமா."

"அப்புறம் ஏன் தொட்டே?"

"உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எல்லாம் வெந்துபோயிருக்கும், சயாமா."

டோ கின் ட்வே இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மருந்து அலமாரிச் சாவி.

"சாவி இஸ்திரிப் பகுதியில இருக்கணும்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். நேத்து நடந்ததை மேனேஜர்கிட்டச் சொன்னேன். பொண்ணுங்க இலையை வச்சுக்கிட்டு ஏன் அலையறாங்கன்னு கேட்டார். அலமாரி பூட்டியிருக்குன்னு சொன்னேன். இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும். உள்ளே என்ன வேணும்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடு."

லதா சாவியை எடுத்துக்கொண்டாள்.

"கத்தாழை?" என்று கேட்டாள்.

"வீட்டிலேயே வெட்டி, வடிச்சு, கழுவி, மூடிபோட்ட பாட்டில்ல கொண்டு வா. இலையா உள்ளே வரக் கூடாது. கத்தரி பக்கமே போகக் கூடாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுல எனக்கும் ஒரு கன்னு குடு. என் வீட்டு அடுப்படியிலயும் கை சுடத்தான் செய்யுது."

லதா கதவைச் சாத்தினாளோ இல்லையோ, இஸ்திரிப் பகுதிக்கு ஓடியே வந்தாள். சாவியை உயர்த்திக் காட்டினாள். எட்டு மேசையிலும் எழுந்த கூச்சலுக்கு மறுபடியும் தையல் லைன் எழுந்து நின்றது.

அந்த ஞாயிறு லதா வீட்டு வாசலில் கூட்டம். சான் சான் வந்தாள், பாக்கிங் பெண்கள் வந்தார்கள், இன்னும் யார் யாரோ. எல்லார் கையிலும் ஒரு டின்னோ தகரமோ. நல்லப்பன் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தார். லதா கன்றுகளைப் பெயர்த்தெடுத்தாள். "நட்டு ஒரு வாரம் தண்ணியே ஊத்தாதீங்க! கேட்டுதா? ஒரு வாரம்!" என்று ஒவ்வொருத்தியிடமும் கத்தினாள். எதிலே புள்ளி அதிகம், எது உயரம் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ரூமானா தாமுவேக்கு ஒன்றைப் புது வாளியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை. ஃபெர்ரி பஸ் முதல் நிறுத்தத்தில் நின்றது. ஏறிய பெண் படியில் கால் வைப்பதற்கு முன்பே, "லதா! என்னோடது நிமிர்ந்து நிக்குது!" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் சான் சான் ஏறினாள். "என்னோடது அடியில ஒண்ணு வருது, சத்தியமா வருது!" என்றாள். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறியவள் தன்னுடையது வாடிவிட்டதே என்று பதறினாள். "ஊத்தினியா? தண்ணி ஊத்தினியா?" என்று பத்துக் குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உம்மா சன்னல்லயே வச்சிருக்கு, யாரையும் தொட விடலை" என்று ரூமானா தன் கதையை நடுவே நுழைக்கப் பார்த்தாள். யாரும் யாரையும் பேசவிடவில்லை.

"ஏ பொண்ணுங்களா! ஹாரன் சத்தமே எனக்குக் கேட்கலை!" என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினார்.

ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. லதா சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, வாடிய செடியை எப்படிக் காப்பாற்றுவது என்று கடைசி வரிசை வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.